பூட்டிய பீரோவும் பொன்னாடையும்

அத்தியாயம் 17

சுப்பராயலு வீட்டு வாசல் நிலையில் செருகிய வேப்பிலை இன்னும் வாடவில்லை. அதற்குள் வீட்டில் ஓர் அரசியல் சாசனமே அமலுக்கு வந்துவிட்டது.

மருமகள் ஜெயசுதாவின் கழுத்தடியில் முதல் கொப்புளத்தைக் கண்டு மாமியார் ஆதிலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். பிறகு கொப்புளம் முதுகுக்கும் மார்புக்கும் பரவியது. கூடவே சட்டங்களும் பரவின. வீட்டில் தாளிப்பு கூடாது. தலை வாரக்கூடாது. அம்மை போட்டவளுக்கு உப்பில்லாத கஞ்சிதான். செல்போன் வெளிச்சம் ஆத்தாவுக்கு ஆகாது என்று மருமகளின் போனும் பறிமுதல் ஆனது. ஆத்தா எந்தக் காலத்தில் செல்போனைப் பற்றிக் கருத்துச் சொன்னாள் என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், இங்கிலீஷ் மருந்து உடம்புக்குள் போகக்கூடாது.

தீர்ப்புச் சொல்வது சுப்பராயலுவுக்குப் பழகிய தொழில். ஏரிப் பாசன சங்கத்துக்குத் தலைவர், திரௌபதியம்மன் கோயிலுக்கு தர்மகர்த்தா, கரும்பு விவசாயிகள் கூட்டமைப்புக்குக் கௌரவ ஆலோசகர். பாகூர்க் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அதில் அவர் உட்கார்ந்திருப்பார். காலியாக இல்லாவிட்டால், காலியாகும்வரை பக்கத்தில் நிற்பார்.

இந்தச் சட்டத்தை அவரே நிறைவேற்றினார். மருமகளின் கட்டிலோரம் இருந்த மருந்து டப்பாவை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினார். அவள் தாய்வீட்டுச் சீராக வந்த இரும்பு பீரோவிலேயே வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பிறகு கை கழுவி வந்து, காப்பியோடு தன் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் விழுங்கினார். ஆத்தா வந்தது அவர் உடம்பில் இல்லையாம். ஆகவே அவருக்கு விலக்கு உண்டு.

ஜெயசுதாவின் மாத்திரை வேறு வகை. சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் கவிழ்த்தது போல ஆளுக்கு இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. அட்ரினல் என்று பெயர். காய்ச்சல், காயம், அதிர்ச்சி எது வந்தாலும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் சுரப்பை அவைதான் ஊற்றுகின்றன. உடம்பில் உப்பை நிறுத்தி வைப்பதும் அவைதான். ஜெயசுதாவுக்கு அவை இரண்டும் ஓய்ந்துவிட்டன. உடம்பு செய்ய மறந்ததைத்தான் அவள் தினமும் மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாளும் நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு போட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி, உடனே ஆஸ்பத்திரி. அரியூர் ஆஸ்பத்திரியில் குடும்பத்தையே உட்காரவைத்து இதை விளக்கிச் சொன்னார்கள். சுப்பராயலு அப்போது பக்கத்தில் இருந்தவரிடம் தன் பூர்வீக நிலத்தின் பரப்பளவை விளக்கிக்கொண்டிருந்தார்.

நோய்க்குப் பெயர் தெரிவதற்கு முன்னால் நடந்தவையும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கல்யாணமாகி வந்தவள் மாதத்துக்கு மாதம் கறுத்தாள். விரல் முட்டி, உள்ளங்கை ரேகை, ஈறுகூடக் கறுத்தது. பெண் பார்த்த அன்று பவுடர் பூசி ஏமாற்றிவிட்டார்கள் என்று வீடு முடிவு கட்டியது. ஊறுகாய் ஜாடிக்குள் விரலை விட்டு அவள் உப்பை வழித்து நக்குவதை ஆதிலட்சுமி ஒருநாள் பார்த்துவிட்டாள். அதன்பின் மாமியார் அந்த ஜாடியைத் தொடவில்லை. மருமகள் கிணற்றடியில் மயங்கி விழுந்தபிறகுதான் அது சுரப்பியின் கோளாறு என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் ஆதிலட்சுமியின் அருவருப்பு போகவில்லை. நோயைவிட அருவருப்புக்கு ஆயுசு கெட்டி.

மகன் அரிகரன் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் சூப்பர்வைசர். புது மிஷின் ஓட்டப் பயிற்சிக்குக் கம்பெனி அவனைப் புனேவுக்கு அனுப்பியிருந்தது. போன் பறிபோவதற்கு முன் ஜெயசுதா அவனிடம் அழுதாள். அப்பாவிடம் பேசுகிறேன் என்று அவன் சொன்னான். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கிடந்தாள்.

*

அன்று காலை சுப்பராயலு பட்டு வேட்டி கட்டினார்.

பள்ளிக்கூட மைதானத்தில் இலவச மருத்துவ முகாம். நகரத்துப் பக்கமிருந்து மருத்துவர்களை வரவழைத்தது அவர்தான். வரவழைத்தார் என்றால், அவர்கள் வருவதாக முடிவானபிறகு தலைமை தாங்கச் சம்மதித்தார். அம்மை போட்ட வீட்டு ஆள் விசேஷங்களுக்குப் போகக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆதிலட்சுமி அதைத் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னாள். இது விசேஷம் இல்லை, பொதுக் காரியம் என்றார் அவர். ஆத்தாவுக்கே தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆத்தா அவருக்கு மிகவும் அனுசரித்துப் போகிறவள்.

தெருமுனையில் ஃப்ளெக்ஸ் நின்றது. 'மக்கள் நலம் காக்கும் மாமனிதரே' என்று அதில் எழுதியிருந்தது. படத்தில் அவருடைய முகத்தைக் கடைக்காரன் ரோஜாப்பூ நிறத்துக்குக் கொண்டுபோயிருந்தான். மருமகள் பூசிய பவுடரை மோசடி என்று சொன்ன வீட்டில் இதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போன கையோடு ஆதிலட்சுமி கஞ்சி எடுத்துக்கொண்டு மருமகளின் அறைக்குள் போனாள்.

வேப்பிலைப் படுக்கையில் ஜெயசுதா சுருண்டு கிடந்தாள். அறையில் மஞ்சளும் வியர்வையும் வேறெதுவோவும் சேர்ந்த நாற்றம். ஆதிலட்சுமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மருமகளின் தலையை ஒரு கையால் தூக்கி, உப்பில்லாத கஞ்சியைப் புகட்டினாள். இரண்டு மடக்கு உள்ளே போயிற்று. போன வேகத்தில் திரும்பி, மாமியாரின் மடியிலேயே வந்து விழுந்தது.

"சீ" என்று ஆதிலட்சுமியின் வாயில் தானாக வந்தது.

அந்தச் 'சீ'க்கு ஜெயசுதா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள உடம்பில் தெம்பு வேண்டும். விடியற்காலையிலிருந்து இது எத்தனையாவது வாந்தி என்று அவளுக்கே தெரியவில்லை. கைகால் சில்லிட்டிருந்தது, நெற்றி மட்டும் கொதித்தது. அவள் பேசியபோது குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலிருந்தது.

"அத்த, மாத்திரைய எடுத்துக் குடுங்க."

"ஆத்தா எறங்கட்டும்மா. மூணு தண்ணி ஊத்திட்டு அப்பறம் போட்டுக்கலாம். உங்க மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அதுவரைக்கும் நான் இருக்கமாட்டேன்."

"இன்னா பேச்சுடி இது, ஆத்தா இருக்கிற வூட்ல."

"பயமுறுத்தறதுக்கு சொல்லல அத்த. காய்ச்சல்னா ரெண்டு மடங்கு போடணும். ஒண்ணுகூட போடாம கெடக்கறேன். இனிமே மாத்திரையும் தங்காது. அந்த டப்பாவுல ஊசி இருக்குது. அது வேணும்."

சொல்லிவிட்டு ஜெயசுதா கண்ணை மூடினாள். இமை இடுக்கில் கருவிழி மேலே போய்ச் செருகிற்று. ஆதிலட்சுமி கன்னத்தில் தட்டினாள். திறந்த கண் அவளைப் பார்த்து, யாரென்று தெரியாமல், அம்மா என்று தன் தாயைக் கூப்பிட்டது.

ஆதிலட்சுமி எழுந்தாள். மடியில் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஜன்னல் வழியாக அவள் புருஷனின் குரல் அறைக்குள் வந்தது.

மைதானத்தில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர், பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்த வீட்டை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்றார் சுப்பராயலு. நமது தாய்மார்கள் நோயை மறைக்கக்கூடாது என்றார். மருத்துவர் கொடுக்கும் மாத்திரைகளை வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டும் என்றார். கைதட்டல் கேட்டது.

அறையின் நாற்றத்துக்கு மூக்கை மூடிய ஆதிலட்சுமி இப்போது காதைப் பொத்திக்கொண்டாள்.

அவள் தன் பட்டன் போனில் அவரைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மேடையில் இருப்பவர் போனை எடுப்பது மேடைக்கு மரியாதையில்லை. கொல்லையிலிருந்து கடப்பாரையைத் தூக்கி வந்து பீரோக் கதவின் இடுக்கில் கொடுத்து நெம்பினாள். தகடு வளைந்தது. பூட்டு அசையவில்லை. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது உறுதியான சாமானாகப் பார்த்து வாங்கிக் கொடுக்கிறவர்கள் எவ்வளவு பெரிய தப்புச் செய்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த காசம்மாளைக் கூப்பிட்டு, வந்து ஒரு கை கொடு என்றாள். காசம்மாள் வேப்பிலையைப் பார்த்தாள், அங்கிருந்தே கும்பிட்டாள். ஆத்தா இருக்கிற வீட்டுக்குள் தீட்டோடு வரமுடியாது என்றாள். காசம்மாளுக்குத் தீட்டு நின்று பல வருஷம் ஆகிறது. ஆதிலட்சுமிக்கும் அது தெரியும்.

கடப்பாரையைக் கீழே போட்டாள். செருப்புப் போடத் தோன்றவில்லை. விரித்த தலையும் நனைந்த மடியுமாகத் தெருவில் இறங்கினாள்.

*

மேடையில் சுப்பராயலு அப்போதுதான் பேசி முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மணிவண்ணன் மைக்கைக் கைப்பற்றியிருந்தார். மணிவண்ணனிடம் பட்டங்களுக்குப் பஞ்சமே கிடையாது. பாகூர் ஏரியை நிரப்புமளவு இருப்பு வைத்திருந்தார். பசுமைச் சிகரம் என்றார், பண்பின் பெட்டகம் என்றார், கழனி கண்ட கர்ணன் என்றார். இந்தக் கர்ணன் அறுவடைக் கூலிக்குப் பேரம் பேசுகிற அழகைப் பார்த்திருந்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் கைதட்டினார்கள். முகாமில் மூக்குக்கண்ணாடி இலவசம்.

பொன்னாடை போர்த்தினார்கள். அதன்மேல் சந்தன மாலை போட்டார்கள். படம் எடுக்கிறவன் சரியாக எடுக்கவில்லை என்பதால் பொன்னாடையைக் கழற்றி மறுபடியும் போர்த்தினார்கள்.

மேடைக்குக் கீழே துணிப்பந்தலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் டாக்டர் ரோஸ்லின். இளம்வயதுதான். காலையிலிருந்து அவர் நான்கு உரைகளையும் ஒரு வரவேற்புப் பாடலையும் கடந்துவிட்டார். ஒரு நோயாளியைக்கூட இன்னும் பார்க்கவிடவில்லை.

கூட்டத்தின் பின்பக்கம் சலசலத்தது. அம்மை வீட்டுக்காரி வருகிறாள் என்றதும் ஜனம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. எந்த மந்திரிக்கும் அந்த ஊரில் அவ்வளவு சுத்தமாக வழி கிடைத்ததில்லை. ஆதிலட்சுமி நேராக நடந்து மேடைப் படியில் ஏறினாள். மணிவண்ணன் 'கழனி கண்ட' என்பதோடு நின்றார்.

அவள் புருஷன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி குடு."

சுப்பராயலு எழுந்து, மணிவண்ணன் கையிலிருந்த மைக்கைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். பொத்திய கைக்குள்ளும் அது தன் கடமையைச் செய்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தது ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

"வூட்டுக்குப் போடி. ஆத்தா இருக்கிற வூட்டுப் பொம்பளைக்கு இங்க இன்னா வேல?"

"ஆத்தா இருக்கிற வூட்டு ஆம்பள மட்டும் வரலாமா?"

"மானத்த வாங்காத. அப்பறம் பேசிக்கலாம்."

"அப்பறம் பேசறதுக்கு அவ இருக்கமாட்டா. ரத்தமே இல்லாத மாதிரி சில்லிட்டுக் கெடக்கறா. அவ மாத்திரைய பூட்டி இடுப்புல முடிஞ்சிக்கினு, வேள தவறாம மாத்திர போடுங்கன்னு ஊருக்கு சொல்லிக்கினு கீற. காத்தால காப்பியோட நீ முழுங்கின பிரஷர் மாத்திரைக்கு வராத ஆத்தா கோவம், அவ மாத்திரைக்கு மட்டும் எங்கேர்ந்து வரும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை நீங்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சாவியைவிட, மாத்திரையைவிட, சாகக் கிடக்கிற பெண்ணைவிட, கூட்டம் அந்த 'நீ'யைத்தான் கவனித்தது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் "'நீ'ங்கறா பார்றா" என்றார்.

மாத்திரையைக் கவனித்தவர் ஒரே ஒருவர். டாக்டர் ரோஸ்லின் மேஜையை விட்டு எழுந்து மேடையருகே வந்து, என்ன மாத்திரை என்று கேட்டார்.

ஆதிலட்சுமிக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மருமகள் சொல்லிக் காதில் விழுந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள். கிட்னி மேல் ஒரு சுரப்பி, அது வேலை செய்யவில்லை. தினமும் போட வேண்டும், காய்ச்சல் வந்தால் இரண்டு. உடம்பு கறுத்துப்போய் உப்பு உப்பு என்று தின்றாள்.

டாக்டர் ரோஸ்லின் மேற்கொண்டு கேட்டது ஒரே கேள்விதான். "நிறுத்தி எவ்ளோ நேரமாச்சு?"

"முந்தாநேத்துலேர்ந்து."

அவர் நர்ஸைப் பார்த்து அவசரப் பெட்டியை வண்டியில் ஏற்றச் சொன்னார். முகாமில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் போடுவதற்கென்று எடுத்து வந்த ஹைட்ரோகார்டிசோன் ஊசி அதில் இருந்தது. ஜெயசுதாவின் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்ததும் அதே மருந்துதான்.

மேடையில் சுப்பராயலு சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். மாலையை விலக்கினால் பொன்னாடை. பொன்னாடையை விலக்கினால் ஜிப்பா. ஜிப்பாவுக்குக் கீழே பட்டு வேட்டி, அதற்கும் அடியில் அரைஞாண் கயிறு. அத்தனை பேர் எதிரில் ஒரு மாமனிதர் தன் இடுப்பைத் துழாவுகிற காட்சியைப் படம் எடுக்கிறவன் இந்தமுறை முதல் தடவையிலேயே சரியாக எடுத்தான்.

சாவி வெளியே வந்தபோது வண்டி கிளம்பியிருந்தது.

*

ஜெயசுதாவின் மணிக்கட்டில் நாடி கிடைக்க நேரமாயிற்று. ரத்த அழுத்தம் கருவியில் சரியாக ஏறவில்லை. சர்க்கரையும் தரைமட்டம். டாக்டர் ரோஸ்லின் வேப்பிலையை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். நரம்பு தேடிக் கிடைத்ததும் ஊசியைப் போட்டார். குளுக்கோஸ் ஏற்றி, உப்புநீர் பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டி முழு வேகத்தில் திறந்துவிட்டார். உடம்பு இத்தனை நாளாகக் கேட்ட உப்பு ஒருவழியாகக் குழாய் வழியாக இறங்கிற்று.

பாட்டிலைப் பார்த்தபடியே அவர் ஆதிலட்சுமியிடம் சில விஷயங்கள் சொன்னார். அம்மைக்கும் மருந்து உண்டு. இவள் மாதிரி ஆளுக்கு அதைக் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். இவள் மாத்திரை ஸ்டீராய்டு வகை, அந்தப் பெயரைக் கேட்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். மூட்டுவலிக்கென்று வாங்கி அளவில்லாமல் விழுங்குவதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். இவள் விழுங்குவது மற்றவர்களுக்கு உடம்பிலேயே ஊறுகிற அளவுதான். வேளைக்குப் போட்டால் இவள் வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், நரைத்த கிழவியாகலாம். வேறு வைத்தியமே வேண்டாம்.

ஆதிலட்சுமி தலையாட்டினாள். இத்தனை சுலபமான விஷயமா என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

மருமகள் கண்ணைத் திறந்தாள். இந்தமுறை அந்தக் கண்ணுக்கு ஆள் தெரிந்தது. ஆனால் மூச்சு வேகமாக இருந்தது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டரின் முகம் சரியில்லை. அம்மை நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அரியூருக்குக் கொண்டுபோயாக வேண்டும் என்றார்.

தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தபோது சுப்பராயலு நிலைப்படியில் நின்றார். ஓடி வந்ததில் மாலை பிய்ந்திருந்தது. பொன்னாடை மட்டும் தோளில் பத்திரமாக இருந்தது. கையில் சாவி. தெருவே அவருக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது. ஆகவே அவர் மேடைக் குரலில் பேசினார். அம்மை போட்ட உடம்பு, தலைக்குத் தண்ணீர் ஊற்றுமுன் வாசல் தாண்டும் வழக்கம் இந்த வம்சத்தில் கிடையாது என்றார். தெய்வக் குற்றம் வந்தால் டாக்டரம்மா பொறுப்பேற்பாரா என்று கேட்டார்.

டாக்டர் ரோஸ்லின் குரலை உயர்த்தவில்லை.

"ஆஸ்பத்திரியில எழுதிக் கேப்பாங்க சார். மாத்திரைய நிறுத்தினது யாருன்னு நான் சொல்லியாகணும். உங்க முழுப் பேரு சொல்லுங்க."

சுப்பராயலுவின் முழுப் பெயர் ஊரில் யாருக்குத் தெரியாது? கல்வெட்டில் இருக்கிறது. ஃப்ளெக்ஸில் இருக்கிறது. கோயில் மின்விசிறி இறக்கை ஒவ்வொன்றிலும் இருக்கிறது. அதைச் சொல்ல அவர் வாய் திறந்தது. பின்னால் தெரு காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அவர் நிலைப்படியை விட்டு ஒதுங்கி நின்றார்.

அவரைக் கடந்துபோகும்போது ஆதிலட்சுமியின் மடி அவர் பட்டு வேட்டியில் உரசியது. கஞ்சி ஒட்டிக்கொண்டது. அவர் அதை இரண்டு விரலால் தட்டிவிட்டார்.

*

வண்டி ஏரிக்கரையைத் தாண்டியபோது ஆதிலட்சுமியின் பட்டன் போன் அடித்தது. புனேயிலிருந்து அரிகரன். அந்தப் போனில் பேசினால் ஸ்பீக்கர் போடாமலே வண்டிக்கே கேட்கும்.

ஜெயசுதாவின் முகம் போன் பக்கம் திரும்பிற்று. அத்தனை களைப்பிலும் அதில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? அப்பாவ மேடையில நிக்கவெச்சி அசிங்கப்படுத்திட்டியாமே. ஊர் குரூப்புல வீடியோவே வந்துடுச்சி."

ஆதிலட்சுமி, சுதா வண்டியில் கிடக்கிறாள், உயிர் நூலில் தொங்குகிறது என்றாள். மாத்திரையைப் பூட்டிவைத்ததில் வந்த வினை என்றாள்.

"பூட்டி வெச்சிட்டேன்னு அப்பா அன்னிக்கே சொன்னாரும்மா."

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு மூணு நாள்தானேன்னு நெனச்சேன். ஆத்தா விஷயம். நான் குறுக்க இன்னா சொல்றது? முடியலன்னா ஊசி இருக்குதே. எனக்குத்தான் போடத் தெரியுமே, வந்து போட்டுக்கலாம்னு இருந்தேன்."

புனேயிலிருந்து வந்து போட்டுக்கொள்வானாம்.

ஆதிலட்சுமி மருமகளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தாள். ஜெயசுதா அழவில்லை. கஞ்சியை வாந்தியெடுத்தபோது அவள் முகம் எப்படிக் கோணியதோ அப்படி ஒருமுறை கோணியது. பிறகு சமமாயிற்று.

"நாளைக்கு காத்தால வந்துடறேன். சுதாவாண்ட குடும்மா" என்றது போன்.

ஆதிலட்சுமி போனை நீட்டினாள். ஜெயசுதா அதை வாங்கவில்லை. பாட்டில் குழாய் குத்தியிருந்த கையை மெல்ல நகர்த்தி டாக்டர் ரோஸ்லினின் கோட்டைத் தொட்டாள்.

"டாக்டர், அந்த ஊசிய எனக்கு நானே போட்டுக்க முடியுமா?"

முடியும், தொடையில் போட்டுக்கொள்ளலாம், நிறையப் பேர் போட்டுக்கொள்கிறார்கள் என்றார் டாக்டர். முதலில் எழுந்து உட்காருங்கள், கற்றுத்தருகிறேன் என்றார்.

ஊருக்கு எதிரில் புருஷனை நீ என்று கூப்பிட்டவள், கடப்பாரை தூக்கியவள், வெறுங்காலோடு ஓடியவள் ஆதிலட்சுமி. அந்த உரிமையில் மருமகளின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எனக்கும் சொல்லிக் குடும்மா. இனிமே நான் போட்டுவுடறேன் இவளுக்கு."

ஜெயசுதா அந்தக் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். வேகமாக இல்லை. வேகமாக உருவத் தெம்பில்லை.

"வேணாம் அத்த" என்றாள். "நீங்களும் ரெண்டு நாளு பாத்துக்கினுதானே இருந்தீங்க."

போனில் அரிகரன் இன்னும் அலோ அலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.